பூவிலேயே விலை பேசும் அணிகள்

2012 அக்டோபர் கடைசியில், நான்கே நாள் இடைவெளியில், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் இரண்டு அணிகள் இரண்டு இளைஞர்களைப் பற்றி முடிவெடுத்தன. 27ஆம் தேதி ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணி, தான் மூன்று ஆண்டு வளர்த்த ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டது. 31ஆம் தேதி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஸ்டீபன் கரியின் ஒப்பந்தத்தை நான்கு ஆண்டு நீட்டித்தது. தொகை 4.4 கோடி டாலர்.

இருவரும் 2009 டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் வந்தவர்கள். ஹார்டன் மூன்றாவது தேர்வு, கரி ஏழாவது. 2012இன் சிறந்த மாற்று வீரர் விருது ஹார்டனுக்குத்தான் கிடைத்திருந்தது; ஜூன் மாதம் அணியோடு இறுதிச் சுற்று வரை போய் வந்திருந்தார். கரியோ வழக்கத்தைவிடச் சுருங்கிய முந்தைய பருவத்தின் 66 ஆட்டங்களில் 26இல் மட்டும் ஆடியவர். வலது கணுக்காலில் ஓராண்டுக்குள் இரண்டு அறுவைச் சிகிச்சை. ‘இந்தக் காலை நம்பியா இவ்வளவு பணம்?’ என்று அன்று கேட்டவர்களை இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் அது நியாயமான கேள்விதான்.

இளம் வீரருக்கு ஒப்பந்த நீட்டிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் ரசிகர்கள் கேட்பது ஒன்றைத்தான்: இந்தப் பையனுக்கு இந்தப் பணம் தகுமா? எனக்கென்னவோ அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலாகப் படுகிறது. ‘தகுமா’ என்றால் செய்த வேலைக்குக் கூலி என்று பொருள். நீட்டிப்போ இனிமேல் ஆடப்போகும் ஆட்டத்துக்குத் தரும் விலை. நம் ஊரில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்குப் பேசுவார்கள். பூ நன்றாகப் பிடித்திருக்கிறது என்பதற்காக வியாபாரி பணம் தருவதில்லை. எவ்வளவு பிஞ்சு நிற்கும், காற்று அடித்தால் எவ்வளவு உதிரும் என்று கணக்குப் போட்டுத்தான் தருகிறார். விலை ஏறினால் தோட்டக்காரருக்கு வயிற்றெரிச்சல், பூ கொட்டினால் வியாபாரிக்கு நஷ்டம். என்பிஏவில் நடப்பது அதே பேரம்தான், தொகைதான் பெரிது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்டின் முதல் சுற்றில் வரும் வீரருக்குப் பேரம் பேச அதிக இடமில்லை. எந்த எண்ணில் தேர்வானாரோ அதற்கேற்ப ஓர் அட்டவணைச் சம்பளம். ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு உறுதி, மூன்றும் நான்கும் அணியின் விருப்பம். மூன்றாம் பருவம் முடிந்த கோடையில் நீட்டிப்புப் பேச்சுக்குக் கதவு திறக்கிறது. அடுத்த பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாள் அது மூடிவிடும். முன்பெல்லாம் அக்டோபர் 31 என்று ஒரே கெடு இருந்தது. அதற்குள் உடன்பாடு வராவிட்டால் வீரர் நான்காம் ஆண்டை ஆடிவிட்டு, அடுத்த கோடையில் கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட் ஆவார். அதாவது வேறு அணி அவருக்கு விலை சொல்லலாம், ஆனால் பழைய அணி அதே விலையைத் தானும் தருவதாகச் சொல்லிப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். எதுவும் பிடிக்கவில்லையென்றால், அணி கொடுத்தே ஆகவேண்டிய ஓராண்டு ஒப்பந்தத்தை ஏற்று ஆடிவிட்டு, அதற்கடுத்த ஆண்டு முழுச் சுதந்திரத்தோடு கிளம்பலாம்.

சரி, அடுத்த கோடையிலும் வீரர் தன் பிடியில்தான் இருக்கப்போகிறார் என்றால் அணி ஏன் ஓராண்டு முன்னதாகவே அவசரப்பட வேண்டும்? யூட்டா ஜாஸ் அணிக்கு நடந்ததைப் பார்த்தால் புரியும். 2013இல் கார்டன் ஹேவர்டோடு அவர்கள் நீட்டிப்பு போடவில்லை. 2014 கோடையில் சார்லட் அணி வந்து ஹேவர்டுக்கு நான்கு ஆண்டு, 6.3 கோடி டாலர் என்று விலை சொன்னது. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் வீரர் விரும்பினால் விலகலாம் என்று ஒரு வரியையும் அதில் சேர்த்தது. யூட்டா அதை ஏற்றுத் தக்கவைத்துக்கொண்டது. 2017இல் ஹேவர்ட் அந்த ஒரு வரியைப் பயன்படுத்தி பாஸ்டனுக்குப் போனார். யூட்டாவுக்குப் பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தன் வீரரின் ஒப்பந்தத்தை வேறொருவர் எழுத விட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

வீரர் தரப்பில் காரணம் இன்னும் எளிது. வயது 22, 23. இதுவரை வாங்கியது அட்டவணைச் சம்பளம். ஒரு முழங்கால் போனால் எல்லாம் போயிற்று. இன்றே கையெழுத்திட்டால் குடும்பத்தின் இரண்டு தலைமுறைக்குக் கவலையில்லை. எனவே சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அந்தக் குறைவுதான் அவர் கட்டும் காப்பீட்டுப் பிரீமியம். அதை வாங்கிக்கொண்டு ஆபத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது அணி. கரி 2012இல் வாங்கியதும் அந்தக் காப்பீட்டைத்தான்.

அந்தக் காப்பீடு எந்த அளவுக்கு அணிக்கு லாபமாக முடிந்தது என்பதை டாலரில் பார்த்தால் சரியாகத் தெரியாது. லீக்கில் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறது. லீக்கின் வருமானத்தோடு சேர்ந்து அது ஏறும். கரி கையெழுத்திட்ட பருவத்தில் வரம்பு சுமார் 5.8 கோடி டாலர். அவருடைய ஆண்டுச் சராசரி 1.1 கோடி, அதாவது வரம்பில் ஏறக்குறைய 19 சதவீதம். கொஞ்சம் கனமான பங்குதான். 2016-17இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து சேர்ந்ததும் வரம்பு ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குப் போயிற்று. அந்தப் பருவத்தில் கரியின் சம்பளம் 1.21 கோடி, 13 சதவீதத்துக்கும் குறைவு. இதற்கிடையில் அவர் இரண்டு முறை லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வாகியிருந்தார். இரண்டாவது முறை ஒரு வாக்குகூட வேறு யாருக்கும் போகவில்லை. சொந்த அணியிலேயே டுரான்ட், தாம்சன், கிரீன் மூவரும் அவரைவிட அதிகம் வாங்கினார்கள். கெவின் டுரான்ட் அந்த அணிக்கு வர முடிந்ததற்குக் கரியின் சம்பளம் அவ்வளவு சின்னதாக இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, நீட்டிப்பு பேசும் மேலாளர் வீரரை மட்டும் கணித்தால் போதாது, வரம்பு எப்படி ஏறும் என்பதையும் கணிக்க வேண்டும். 2014இல் கிளே தாம்சனுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி கொடுத்தபோது அது பெரிய தொகை என்றார்கள். இரண்டே ஆண்டில் அது மலிவு விலை ஆகிவிட்டது. தாம்சன் தேறியது ஒரு காரணம். வரம்பு எகிறியது இன்னொன்று.

ஹார்டன் பக்கம் திரும்புவோம். அவர் நல்ல வீரர் என்பதில் ஒக்லஹோமா சிட்டியில் யாருக்கும் சந்தேகமில்லை. செய்திகளில் வந்த கணக்குப்படி, அணி சொன்ன விலைக்கும் அவர் கேட்ட, விதி அனுமதிக்கும் உச்ச விலைக்கும் நான்கு ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து வித்தியாசம் ஒரு கோடி டாலர்கூட இல்லை. ஆனால் அப்போது அங்கே ஆடிய டுரான்ட், வெஸ்ட்புரூக் இருவருக்கும் ஏற்கெனவே உச்சச் சம்பளம் எழுதியாகிவிட்டது. அந்த ஆகஸ்டில் இபாக்காவுக்கும் நீட்டிப்பு போட்டாயிற்று. நான்காவதாக ஒரு பெரிய சம்பளம் சேர்ந்தால் ஆடம்பர வரி, அதாவது மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் லீக்குக்குக் கட்டும் தண்டம், வரும். சின்ன ஊர், சின்ன சந்தை. வீட்டுக்குத் தாங்காது என்று நினைத்தார்கள். தகுதி வேறு, தாங்குவது வேறு. ஹூஸ்டன் அந்த மாதம் முடிவதற்குள் ஐந்து ஆண்டுக்கு 8 கோடி கொடுத்தது. 2018இல் ஹார்டன் லீக்கின் சிறந்த வீரர் ஆனார். ஒக்லஹோமா சிட்டி அந்த நான்கு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு கோப்பையாவது வென்றிருக்குமா என்ற வாதம் இன்னமும் ஓய்ந்தபாடில்லை. வென்றிருக்கும் என்பவர்கள் கட்சி நான்.

சரி, 22 வயதுப் பையனைப் பார்த்து அவனுடைய 26ஐ எப்படிக் கணிப்பது? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் ஊர் நம்பிக்கை. கூடைப்பந்தில் முளை நிறையப் பொய் சொல்லும்.

பெரிய பொய் புள்ளிச் சராசரி. மோசமான அணியிலும் ஆட்டத்துக்கு நூறு புள்ளிக்கு மேல் யாராவது அடித்தே ஆகவேண்டும். பந்து அதிகம் கையில் இருப்பவருக்கு இருபது புள்ளி தானாகவே சேரும். அந்த இருபதுக்கு அவர் எத்தனை எறிதல்களைச் செலவழித்தார், அவர் களத்தில் இருக்கும்போது அணி முன்னேறியதா பின்தங்கியதா என்று பார்க்க வேண்டும். மூன்று புள்ளி எறிதலின் சதவீதமும் ஒரே பருவத்தில் ஏறி இறங்கும்; அதை மட்டும் நம்பி விலை சொல்லக் கூடாது. அனுபவப்பட்ட தேர்வாளர்கள் ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தடையில்லா எறிதலைப் பார்ப்பார்கள். எதிரே யாரும் கை நீட்டுவதில்லை, தூரம் மாறுவதில்லை. கையின் இயல்பு அங்கேதான் பளிச்சென்று தெரியும். ஃப்ரீ த்ரோ நன்றாகப் போடுகிறவர் காலப்போக்கில் தூரத்திலிருந்தும் நன்றாகப் போடுவார் என்பது பலமுறை கண்ட உண்மை.

அடுத்தது யாரோடு ஆடுகிறார் என்பது. பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தை இரண்டு பேர் காவல் காத்தால், இந்தப் பையனுக்குத் திறந்த வெளி கிடைக்கும். அந்த வெளியில் போட்ட பந்தையெல்லாம் அவன் கணக்கில் எழுதிக்கொண்டு விலை சொன்னால், அந்த வெளியைத் திறந்துவிட்டவரின் திறமைக்கு இவனுக்குச் சம்பளம் கொடுத்ததாக ஆகும். கடைசியாக பிளேஆஃப், அதாவது பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள். 82 ஆட்டப் பருவத்தில் எதிரணிக்கு ஒரு வீரரின் குறையைத் தேடிப்பிடித்து அடிக்க நேரமில்லை. பிளேஆஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரை. யாருக்குத் தடுக்கத் தெரியவில்லையோ அவரையே திரும்பத் திரும்ப இழுத்துவந்து நிறுத்தி, அவர் மேலேயே ஏறுவார்கள்.

இந்த மூன்று சோதனையும் ஒரே ஆள் மேல் வந்து விழுந்த கதைதான் ஜோர்டன் பூலுடையது. கரிக்குப் பத்து ஆண்டு கழித்து, அதே வாரியர்ஸ், அதே மேலாளர் பாப் மையர்ஸ், அதே அக்டோபர்.

பூல் 2019 டிராஃப்டில் 28ஆவது தேர்வு. முதல் ஆண்டு அவர் ஆடியதைப் பார்த்தவர்களில் பலர் இவர் லீக்கில் நிலைக்கமாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாம் ஆண்டு அவரைக் கீழ் லீக்கான ஜி லீக்குக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். 2021-22இல் ஆட்டத்துக்கு 18.5 புள்ளி. ஃப்ரீ த்ரோவில் 92.5 சதவீதத்தோடு லீக்கிலேயே முதலிடம், கரியையும் தாண்டி. பிளேஆஃபில் 17 புள்ளி, கையில் சாம்பியன் மோதிரம். வயது 23. மேலே சொன்ன ஃப்ரீ த்ரோ சோதனையில் இதைவிட நல்ல மதிப்பெண் வாங்க முடியாது.

2022 அக்டோபர் தொடக்கத்தில் மயாமி அணி டைலர் ஹீரோவுக்கு நான்கு ஆண்டு, 13 கோடி வரை என்று நீட்டிப்பு போட்டது. அதே டிராஃப்ட், ஏறத்தாழ அதே வகை ஆட்டம். பக்கத்து மனை விலை போனதும் நம் மனைக்கும் விலை ஏறுவது போல, பூலின் விலை அன்றைக்கே நிர்ணயமாகிவிட்டது. சில நாளில் பயிற்சியின்போது மூத்த வீரர் டிரேமண்ட் கிரீன் பூலின் முகத்தில் குத்திய சம்பவம் நடந்தது. காணொளி வெளியே கசிந்து உலகமே பார்த்தது. அடுத்த சில நாட்களில் நீட்டிப்பு அறிவிப்பு வந்தது: நான்கு ஆண்டு, ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்து 14 கோடி வரை, உறுதியான பகுதி 12.3 கோடி பக்கம். அடி வாங்கியவரைச் சமாதானப்படுத்தத்தான் இந்தப் பணம் என்று சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை என்றே நினைக்கிறேன். ஹீரோவின் தொகை வந்தபோதே விலை தெரிந்துவிட்டது. ஆனால் ஓய்வறையின் வெப்பநிலையும் ஒப்பந்தக் கணக்கில் ஒரு பத்தி என்பதை அந்தக் குத்து காட்டிவிட்டது.

2022-23இல் பூல் 20.4 புள்ளி அடித்தார். வெளியே பார்த்தால் முன்னேற்றம். உள்ளே பார்த்தால் பந்தைக் கோட்டைவிடுவது கூடியிருந்தது, தடுப்பு பலவீனமாகவே இருந்தது. பிளேஆஃபில் எதிரணிகள் அவரைத் தேடிப் பிடித்தன, சராசரி 10.3க்கு இறங்கியது. புதிய ஒப்பந்தத்தின் முதல் டாலர் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் அது சுமை என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். நீட்டிப்பு கையெழுத்தான வீரரைப் பழைய சம்பளம் ஓடும் ஆண்டில் வேறு அணிக்கு மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அனுப்பும் அணியின் கணக்கில் அவருடைய பழைய சின்னச் சம்பளம்தான் எழுதப்படும். வாங்கும் அணியின் கணக்கில் பழையதும் புதியதும் சேர்ந்த சராசரி எழுதப்படும். இரண்டு தராசும் எளிதில் சமநிலைக்கு வராது. பூலின் அந்த ஆண்டுச் சம்பளம் 39 லட்சம் டாலர், அடுத்த ஆண்டு 2.7 கோடிக்கு மேல். ஆகவே கையெழுத்திட்ட நாளிலிருந்து ஒரு பருவம் முழுக்க இரு தரப்பும் ஒரே வீட்டில் இருந்தே ஆகவேண்டும், பேச்சுவார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

2023 கோடையில் மையர்ஸ் பதவியை விட்டார். புதிதாக வந்த மைக் டன்லீவி செய்த முதல் பெரிய வேலை, பூலை வாஷிங்டனுக்கு அனுப்பி, 38 வயது கிறிஸ் பாலை வாங்கியது. கூடவே எதிர்கால டிராஃப்ட் உரிமைகளையும் கொடுத்தார்கள், அதாவது வரதட்சணை வைத்து அனுப்பினார்கள். பால் பெரிய வீரர், ஆனால் அவரை வாங்கியதன் உண்மையான காரணம் அவருடைய ஒப்பந்தம் சீக்கிரம் தீரும் என்பதுதான். சாம்பியன் ஆன பருவத்துக்கு மட்டும் வாரியர்ஸ் கட்டிய ஆடம்பர வரி 17 கோடி டாலர். 2023 ஏப்ரலில் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட புதிய ஒப்பந்தம், வரம்பை மிக அதிகமாகத் தாண்டும் அணிகளுக்குப் பணத்தால் கட்டித் தீர்க்க முடியாத தண்டனைகளையும் கொண்டுவந்தது: இடமாற்றத்தில் இரண்டு சம்பளங்களைச் சேர்த்துக் காட்டக் கூடாது, தொலைவில் இருக்கும் முதல் சுற்றுத் தேர்வு முடக்கப்படும் என்றெல்லாம். பூல் கையெழுத்திட்டபோது இந்த விதி இல்லை. ஆறு மாதத்தில் விலைப்பட்டியலே மாறிப்போயிற்று.

வாஷிங்டனில் முதல் ஆண்டு பூல் 17.4 புள்ளி, எறிதலில் 41 சதவீதம். அணி 15 வெற்றி, 67 தோல்வி. அருகில் கரி இல்லை, திறந்த வெளியும் இல்லை. இதை வைத்து 2022இல் மையர்ஸ் முட்டாள்தனம் செய்தார் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அன்றைக்குக் கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான விலை. ஹீரோவுக்குப் போன விலை, ஃப்ரீ த்ரோ சதவீதம், மோதிரம், வயது எல்லாம் ஒரே திசையைக் காட்டின. அவர் பார்க்கத் தவறியது ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே எத்தனை பெரிய சம்பளம் இருக்கிறது என்பதை. அதே நாளில் இன்னொரு நீட்டிப்பும் போட்டார்கள், ஆண்ட்ரூ விக்கின்ஸுக்கு நான்கு ஆண்டு, 10.9 கோடி.

விக்கின்ஸின் பழைய கதை இந்த விஷயத்துக்கே பாடமானது. 2014 டிராஃப்டின் முதல் தேர்வு. 2017இல் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் உரிமையாளர் கிளென் டெய்லர், உச்ச விலை தரத் தயார், ஆனால் இன்னும் சிறந்த வீரராக உழைப்பேன் என்று இந்தப் பையன் என்னிடம் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிற மாதிரி பகிரங்கமாகவே பேசினார். பெண் கொடுக்கும் மாமனார் பேச்சு! அந்த வார்த்தையை ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டாலே விடை பாதி தெரிந்துவிட்டது. ஆனாலும் ஐந்து ஆண்டு, 14.8 கோடி என்று கையெழுத்தானது. மினசோட்டாவில் விக்கின்ஸ் அந்தப் பணத்துக்கு ஈடாகவில்லை. 2020 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் அவரை அணியைத் தூக்கிச் சுமக்கச் சொல்லவில்லை. எதிரணியின் சிறந்த வீரரைத் தடு, கரி கொடுக்கும் பந்தைப் போடு, அவ்வளவுதான். 2022இல் லீக்கின் நட்சத்திரங்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க வரிசையில் இடம் பிடித்தார், கோப்பையும் வென்றார். அதே வீரர், அதே ஒப்பந்தம். ஒரு வீட்டில் சுமை, இன்னொரு வீட்டில் வரவு.

காத்திருப்பதும் ஒரு வழி. சான் அன்டோனியோ 2014இல் கவாய் லெனார்டுக்கு நீட்டிப்பு போடவில்லை. அவர் அந்த ஆண்டு இறுதிச் சுற்றின் சிறந்த வீரர்! அவருடைய தகுதியில் எந்தக் கேள்வியும் இல்லை. கணக்கு வேறு. கையெழுத்து ஆகாத வீரருக்கு உச்சவரம்பில் ஒரு தற்காலிகத் தொகை எழுதிவைப்பார்கள். லெனார்டுக்கு அது சுமார் 72 லட்சம். கையெழுத்தானால் 1.6 கோடிக்கு மேல். அந்த இடைவெளியைக் காலியாக வைத்துக்கொண்டு 2015இல் முதலில் லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை வாங்கினார்கள், அப்புறம் லெனார்டுக்கு உச்ச விலை எழுதினார்கள். பிலடெல்பியா 2023இல் டைரீஸ் மேக்ஸியிடம் இதே பொறுமையைக் கேட்டது. அடுத்த கோடையில் பால் ஜார்ஜ் வந்த பிறகு மேக்ஸிக்கு ஐந்து ஆண்டு, 20.4 கோடி. இதற்கு வீரர் அணியை நம்ப வேண்டும். ஓராண்டு காப்பீடு இல்லாமல் ஆடச் சொல்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே பிலடெல்பியா நேர் எதிராகவும் செய்திருக்கிறது. 2017இல் ஜோயல் எம்பீட் மூன்று ஆண்டில் ஆடியது மொத்தம் 31 ஆட்டம்தான். ஆனாலும் ஐந்து ஆண்டு, 14.8 கோடி கொடுத்தார்கள். குறிப்பிட்ட காயங்களால் நீண்ட நாள் ஆடாமல் போனால் அணி தப்பித்துக்கொள்ளலாம் என்ற பாதுகாப்பு வரிகள் ஒப்பந்தத்தில் இருந்தன. எம்பீட் 2023இல் லீக்கின் சிறந்த வீரர் ஆனார். விலை பெரிதாக இருந்தாலும் வரிகளைக் கவனமாக எழுதினால் ஆபத்தைப் பங்கு போடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வீரரே வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. ஜிம்மி பட்லர் 2014இல் சிகாகோ சொன்ன விலைக்குத் தலையசைக்கவில்லை. அந்தப் பருவம் 20 புள்ளி அடித்து, லீக்கில் அதிகம் முன்னேறிய வீரர் விருதும் வாங்கி, அடுத்த கோடையில் ஐந்து ஆண்டுக்கு 9 கோடிக்கு மேல் வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸும் மறுத்தார். அணி சொன்னது 6.4 கோடி என்று அன்றைய செய்திகள். 2016 இறுதிச் சுற்றின் கடைசி மூன்று ஆட்டத்தில் பார்ன்ஸ் போட்ட 32 பந்தில் 5தான் விழுந்தது. அதற்குப் பிறகும் டாலஸ் அணி அவருக்கு 9.4 கோடி கொடுத்தது. வரம்பு தாவிய ஆண்டு, எல்லார் கையிலும் காசு. பார்ன்ஸ் விட்டுப்போன இடத்தில்தான் டுரான்ட் வந்து உட்கார்ந்தார்.

ஆனால் எல்லார் கையிலும் காசு இருக்கும் கோடை எப்போதும் வராது. ஜொனாதன் குமிங்கா அதைக் கற்றுக்கொண்டது 2025இல். விக்கின்ஸோடு சேர்த்து மினசோட்டா கொடுத்த டிராஃப்ட் உரிமையில்தான் 2021இல் ஏழாவது ஆளாக அவரை வாரியர்ஸ் எடுத்தது. கொங்கோவின் கோமா நகரில் பிறந்தவர், கால்களில் ஸ்பிரிங் வைத்தது போலக் குதிப்பவர். 2023-24இல் 16 புள்ளி அடித்தார். 2024 அக்டோபர் கெடு தாண்டியும் உடன்பாடு வரவில்லை. ஜனவரியில் கணுக்கால் சுளுக்கு; திரும்பி வருவதற்குள், விக்கின்ஸை மயாமிக்கு அனுப்பி ஜிம்மி பட்லரை வாங்கியிருந்தார்கள். குமிங்கா ஆடும் இடத்தில் ஆடுபவர் பட்லர். முக்கியமான ஆட்டங்களில் குமிங்காவைப் பயிற்சியாளர் களமிறக்கவே இல்லை. பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் கரிக்குத் தொடைத்தசை இழுத்துக்கொண்டதும் திரும்பவும் கூப்பிட்டார்கள், வந்தவர் ஓர் ஆட்டத்தில் 30 புள்ளி அடித்தார். இப்படிப்பட்டவருக்கு என்ன விலை சொல்வது? கரி இருந்தால் பெஞ்சு, இல்லாவிட்டால் 30 புள்ளி.

2025 கோடையில் சந்தை வறண்டு கிடந்தது. வரம்பில் தாராளமாக இடம் வைத்திருந்தது புரூக்ளின் மட்டும்தான். புதிய விதிகளின் பயத்தில் மற்ற எல்லாரும் கையை இறுக்கிக்கொண்டார்கள். விலை சொல்ல வேறு ஆள் இல்லாதபோது, கட்டுப்பாடுள்ள ஃப்ரீ ஏஜென்ட் என்பதில் கட்டுப்பாடு மட்டும்தான் மிச்சம். கேம் தாமஸும் குவென்டின் கிரைம்ஸும் வேறு வழியின்றி ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இறங்கிவந்தார்கள். குமிங்கா செப்டம்பர் கடைசி வரை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்: இரண்டு ஆண்டு, முதல் ஆண்டுக்கு 2.2 கோடிக்குச் சற்று மேல். இரண்டாம் ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அணியிடம்.

இதற்கு நடுவில், 2024இல் குமிங்காவின் பேச்சு முறிந்த அதே நாட்களில், அதே டிராஃப்டில் அதே அணி 14ஆவதாக எடுத்த மோசஸ் மூடி மூன்று ஆண்டுக்கு 3.9 கோடிக்கு நீட்டிப்பு போட்டுக்கொண்டார். தலைப்புச் செய்தியெல்லாம் இல்லை. ஆண்டுக்கு 1.3 கோடி, 2025-26 வரம்பான 15.46 கோடியில் எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அவர் கொஞ்சம் தேறினால் லாபம், தேறாவிட்டால் எந்த இடமாற்றத்திலும் எளிதாகச் சேர்த்துவிடக்கூடிய அளவான சம்பளம். குமிங்காவுக்கு இடம் உண்டா இல்லையா என்று 2025 கோடை முழுக்க ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டபோது, மூடியின் பெயர் அந்தச் சண்டையில் ஒருமுறைகூட அடிபட்டதாக எனக்கு நினைவில்லை.